சேகோ மிஷின் பட்டறைக்கு கிளவுட் கேட் ஒத்துவருமா?

கேள்வி இது: சேலத்தில் சேகோ ஆலைகளுக்குக் கிழங்குத் தோல் உரிக்கும் மிஷின், ராஸ்பர் (கிழங்கைத் துருவுவது), சல்லடை, ஹாப்பர் (கொட்டும் தொட்டி) செய்து கொடுக்கும் பட்டறை. ஏற்காட்டு எஸ்டேட்டுகளிலிருந்து காப்பி பல்பர் (காப்பிப் பழத்தின் தோலை நீக்கும் மிஷின்) வேலையும் வரும். மூன்று பேர் வரைகிறார்கள். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்புகள். எல்லாம் ஆட்டோகேட் 2டி. லேசர் கட்டிங்குக்கு டிஎக்ஸ்எஃப் கோப்பு (வெட்டும் கோடுகள் உள்ள 2டி கோப்பு) வாட்ஸ்அப்பில் போகிறது. இரண்டு முறை பழைய ரிவிஷனை, அதாவது திருத்தத்துக்கு முந்தைய வரைபடத்தை, வெட்டிவிட்டார்கள். பிரவுசரில் ஓடும் கேடுக்கு (CAD, கம்ப்யூட்டரில் வரையும் மென்பொருள்) மாறலாமா? நெட் போனால் என்ன ஆகும்? டிசைன் வெளியே போய்விடாதா? இலவசப் பதிப்பே போதுமா?

மாறலாம். அந்த இரண்டு தப்பு வெட்டுகள்தான் மாறுவதற்குச் சரியான காரணமும். எட்டுக்கு நாலு அடியில் 2 மி.மீ. கனமுள்ள ஒரு 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு ஏறக்குறைய 47 கிலோ. பழைய அளவில் வெட்டிவிட்டால் அது ஸ்கிராப் எடைக்குத்தான் போகும். உங்கள் ஆட்கள் வரைவதில் குறையில்லை. ஒரே பாகத்துக்கு நாலு கோப்பு சுற்றுகிறது: லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று, லேசர்காரரின் டவுன்லோட் ஃபோல்டரில் ஒன்று. கிளவுட் கேட் முதல் மூன்றை ஒழித்துவிடும். நாலாவதை நீங்கள்தான் ஒழிக்க வேண்டும். வழியைக் கீழே சொல்கிறேன். அந்த ஒழுங்கு வராவிட்டால் மென்பொருளுக்குக் கொடுத்த பணம் வீண்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கிளவுட் கேட் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சரக்கு விற்கிறது. ஆன்ஷேப் முழுக்க முழுக்கப் பிரவுசரில் ஓடுவது. சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி கேட் மென்பொருளை உருவாக்கியவர்களில் சிலர் சேர்ந்து 2012-ல் தொடங்கிய நிறுவனம் அது. 2015-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது, 2019-ல் பிடிசி என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கியது. உங்கள் லேப்டாப்பில் எதையும் இன்ஸ்டால் செய்வதில்லை. ஒரு துளை போட்டால் அந்தக் கணக்கை அவர்களுடைய சர்வரில் பாராசாலிட் என்ற வடிவக் கணக்கு நிரல் செய்கிறது. விடையாக வரும் முக்கோணங்களை மட்டும் உங்கள் கிராபிக்ஸ் சிப் திரையில் வரைகிறது. சாலிட்வொர்க்ஸின் உரிமையாளரான டசால்ட்டின் எக்ஸ்டிசைனும் பிரவுசரில் ஓடுவதுதான்.

ஆட்டோடெஸ்க்கின் ஃபியூஷன் வேறு ரகம். முன்பு ஃபியூஷன் 360 என்று இருந்த பெயரை 2024 ஜனவரியில் சுருக்கினார்கள். மென்பொருளை உங்கள் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்ய வேண்டும். மாடல் கணக்கு அங்கேயே நடக்கும். கோப்பு மட்டும் அவர்களுடைய சர்வரில் இருக்கும். மூன்றாவதாக, சாலிட்வொர்க்ஸ் கோப்புகளை கூகுள் டிரைவில் போட்டுவிட்டு அதையும் கிளவுட் கேட் என்கிறார்கள். அதை நம்பவே வேண்டாம். அசெம்பிளி கோப்பு ஒவ்வொரு பாகத்தையும் அது இருக்கும் ஃபோல்டர் வழியாகத்தான் தேடுகிறது. இரண்டு பேர் ஒரே பாகத்தைத் திறந்து சேமித்தால் இரண்டு பிரதி உண்டாகும், அசெம்பிளி எதை எடுக்கும் என்பது யாருக்கும் தெரியாது. இப்போது இருக்கும் வாட்ஸ்அப் குழப்பத்தைவிட அது மோசம்.

எதை எடுப்பது? பட்டறையிலேயே விஎம்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் மில்லிங் மிஷின்) அல்லது சிஎன்சி ரவுட்டர் வைத்து நீங்களே புரோகிராம் போடுவதாக இருந்தால் ஃபியூஷன் எடுங்கள். மிஷினுக்கு வெட்டும் புரோகிராம் தயாரிக்கும் அதன் கேம் (CAM) பகுதி அந்த விலைக்கு நல்ல சரக்கு. தகட்டு வேலை, வெல்டிங் ஃபிரேம், ஷாஃப்ட் ஆகியவைதான் வேலையில் பெரும்பங்கு, வெட்டுவது வெளியிடத்தில், வரைபவர் மூன்று பேர் என்றால் ஆன்ஷேப் பொருந்தும். நீங்கள் சொன்ன நிலவரத்துக்கு என் தேர்வு ஆன்ஷேப்தான். மூன்று சீட் ஒரேயடியாக வாங்க வேண்டாம்; அதிகமாக வரைபவருக்கு ஒன்று எடுத்து ஒரு மிஷினை முழுக்க முடித்துப் பாருங்கள். ஆனால் ஒரே லாகினை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளாதீர்கள். சீட் ஒரு ஆளின் பெயருக்கு உரியது என்பது ஒருபுறம். யார் எந்த அளவை எப்போது மாற்றினார் என்று ஹிஸ்டரியில் பார்க்க முடிவதுதான் இந்த மென்பொருளின் பாதி மதிப்பு, பகிர்ந்த லாகினில் அது போய்விடும்.

இலவசப் பதிப்பு பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். ஆன்ஷேப் இலவசக் கணக்கில் நீங்கள் வரையும் ஒவ்வொரு டாக்குமென்டும் பொதுவெளியில் இருக்கும். உலகத்தில் யாரும் திறந்து பார்க்கலாம், நகல் எடுக்கலாம். வணிக வேலைக்கு அனுமதியும் இல்லை. ஃபியூஷனின் தனிநபர் இலவச உரிமமும் வணிகத்துக்கு ஆகாது. அதில் திருத்தக்கூடிய டாக்குமென்ட் ஒரே நேரத்தில் பத்துதான். கேமில் வேகமான நகர்வும் தானாக டூல் மாற்றுவதும் கிடையாது. பாலிடெக்னிக், இன்ஜினியரிங் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கல்வி உரிமத்தோடு வருவார்கள். அவர்கள் அதில் கற்றுக்கொள்ளட்டும். பட்டறையின் ஆர்டரை அதில் வரைய விடாதீர்கள். ஆர்டர் முடிந்த பிறகு டிசைன் அந்தப் பிள்ளையின் கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

8 ஜிபி லேப்டாப் ஆன்ஷேப்புக்குப் போதும், இரண்டு விஷயங்களைச் சரிபார்த்தால். குரோமில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் அணைந்திருந்தால் முழுப் படத்தையும் பிராசசர் வரையும். மாடலைச் சுழற்றும்போது ஜவ்வாக இழுக்கும். இன்டெல், என்விடியா இரண்டும் உள்ள லேப்டாப்பில் விண்டோஸ் பெரும்பாலும் குரோமுக்கு இன்டெல்லைத்தான் கொடுக்கும். டிஸ்பிளே அமைப்பில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் குரோமுக்கு ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ தேர்ந்தெடுங்கள். உங்கள் கிராபிக்ஸ் சிப் என்ன வேகம் தருகிறது என்று பார்க்க ஆன்ஷேப்பிலேயே ஒரு சோதனைப் பக்கம் இருக்கிறது. சந்தா கட்டும் முன் மூன்று லேப்டாப்பிலும் ஓட்டிப்பாருங்கள். மூன்று பட்டன் மவுஸ் கட்டாயம் வேண்டும். டச்பேடில் கேட் வரைவது கையைக் கட்டிக்கொண்டு லேத் ஓட்டுவது மாதிரி.

நெட் விஷயத்தில் எல்லோரும் வேகத்தைப் பார்க்கிறார்கள். இங்கே முக்கியம் தாமதம். ஒவ்வொரு கட்டளையும் சர்வருக்குப் போய்த் திரும்புவதால், பிங் (போய்த் திரும்பும் நேரம்) நிலையாக இருக்கும் 10 எம்பிபிஎஸ் இணைப்பு, அலைபாயும் 100 எம்பிபிஎஸ் இணைப்பைவிட மேல். நெட் நடுவில் போனால் பதறவேண்டியதில்லை: நீங்கள் டிக் அடித்து ஏற்றுக்கொண்ட கடைசிப் படிவரை சர்வரில் இருக்கும், திறந்திருந்த டயலாக் ஒன்று மட்டும் போகும். சேவ் பட்டனே அதில் கிடையாது. ஃபியூஷனில் நிலைமை தலைகீழ். நெட் இல்லாமலும் கம்ப்யூட்டரில் தற்காலிகமாகச் சேமித்திருக்கும் கோப்பை வைத்து இரண்டு வாரம் வரை ஓட்டலாம். ஆனால் சேமிக்காமல் கிராஷ் ஆனால், ரெக்கவரி கோப்பு கைகொடுத்தால்தான் உண்டு. கரண்ட் போகும்போது லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஃபைபர் மோடம் அணைந்துவிடும். மோடத்துக்கும் ரவுட்டருக்கும் தனியாக ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. மாற்றாக வேறு கம்பெனி சிம்மில் ஒரு ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும்.

ஏற்காட்டு வேலைக்குத் தனி ஏற்பாடு தேவை. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி எஸ்டேட்டின் பல்பிங் ஷெட்டுக்குப் போனபின் சிக்னல் இல்லையென்றால் பிரவுசர் கேட் வெறும் வெள்ளைத் திரை. ஆன்ஷேப்பின் மொபைல் ஆப்புக்கும் நெட் வேண்டும். கிளம்பும் முன் டிராயிங்கை பிடிஎஃப்பாக இறக்கி ஏ3 தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எடுக்கும் அளவுகளைச் சிவப்புப் பேனாவில் அந்தத் தாளிலேயே எழுதி, கீழே வந்ததும் ஏற்றுங்கள். பழைய பல்பர்களில் டிரம்முக்கும் பிரெஸ்டுக்கும் (டிரம்முக்கு எதிரே நிற்கும் தகடு) உள்ள இடைவெளிதான் பழம் நசுங்குவதையும் விதை சேதமாவதையும் தீர்மானிக்கிறது. அதை டிரம்மின் ஒரு இடத்தில் மட்டும் அளக்காமல் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து எடுங்கள். தேய்ந்த ஷாஃப்டின் ஒரு அளவை வைத்து 3டி மாடல் செய்தால் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் நகலெடுப்பீர்கள்.

இனி அந்த நாலாவது கோப்பு. ஆன்ஷேப்பில் நீங்கள் வரைந்துகொண்டிருக்கும் இடத்துக்கு ஒர்க்ஸ்பேஸ் என்று பெயர். அது எந்நேரமும் மாறும். அதன் ஒரு கணத்தை உறையவைத்தால் அது வெர்ஷன். பிறகு யாராலும் அதைத் திருத்த முடியாது. பட்டறைக்கு ஒரே ஒரு சட்டம் போடுங்கள்: ஒர்க்ஸ்பேஸிலிருந்து டிஎக்ஸ்எஃப் எடுக்கக் கூடாது, வெர்ஷனிலிருந்துதான் எடுக்க வேண்டும். கோப்பின் பெயரிலேயே பாக எண், ரிவிஷன், மெட்டீரியல், கனம், எண்ணிக்கை ஐந்தும் இருக்கட்டும். அதே பாக எண்ணையும் ரிவிஷனையும் தகட்டின் மேலேயே லேசர் எச்சிங்காக, தனி லேயரில் போடுங்கள். வெட்டி வந்த துண்டைப் பார்த்தவுடனே வெல்டர் ‘இது சி, டிராயிங்கில் டி இருக்கிறதே’ என்று நிறுத்திவிடுவார். வாட்ஸ்அப்பில் கோப்பு அனுப்புவதை விட்டுவிட்டு, லேசர்காரருக்கு ஒரு ஃபோல்டரின் லிங்க் மட்டும் கொடுங்கள். புதிய ரிவிஷன் அதில் ஏறும்போது பழையதை அங்கிருந்து நீக்கிவிடுங்கள். அவர் தன் கம்ப்யூட்டரில் சேர்த்துவைத்ததிலிருந்து வெட்டக் கூடாது என்பதை பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ஒரு வரி எழுதுங்கள்: ஆர்டரில் உள்ள ரிவிஷனும் தகட்டில் உள்ள எச்சிங்கும் ஒன்றாக இல்லாவிட்டால் சரக்கு திருப்பப்படும்.

இதிலேயே புதியவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. ஷாஃப்ட் ஒரு டாக்குமென்டிலும் அசெம்பிளி இன்னொன்றிலும் இருந்தால், ஷாஃப்டை மாற்றியதும் அசெம்பிளி தானாக மாறாது. ஷாஃப்டில் புது வெர்ஷன் போட்டு, அசெம்பிளியில் அந்த இணைப்பைப் புதுப்பிக்க வேண்டும். இது கோளாறு இல்லை. வெளியே கொடுத்த டிராயிங் உங்களுக்குத் தெரியாமல் மாறிவிடக் கூடாது என்பதற்கான காப்பு. ஃபியூஷனிலும் இதே போல, உள்ளே இணைத்த பாகம் பழசாகிவிட்டால் மஞ்சள் எச்சரிக்கை வரும். ‘கெட் லேட்டஸ்ட்’ கொடுத்தால்தான் மாறும்.

தகட்டு வேலைதான் உங்கள் பிழைப்பு என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஷீட் மெட்டல் மாடலுக்கு விரிப்பு அளவை (வளைக்கும் முன் தட்டையாக இருக்கும் அளவு) மென்பொருள் கணக்கிட்டுத் தரும். அந்தக் கணக்கு நீங்கள் கொடுக்கும் உள்வளைவு ஆரத்தையும் கே-ஃபேக்டரையும் (வளைக்கும்போது நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் கோடு கனத்தில் எந்தப் பங்கில் இருக்கிறது என்ற எண்) நம்பி இருக்கிறது. பெரும்பாலோர் மென்பொருளில் ஏற்கெனவே இருக்கும் எண்ணை அப்படியே விட்டுவிடுகிறார்கள். 2 மி.மீ. தகட்டுக்கு ஆரம் 2, கே 0.44 என்று விட்டால், ஒரு 90 டிகிரி வளைவுக்குக் கழிவு (இரண்டு கையின் வெளி அளவைக் கூட்டி, விரிப்பு அளவு கிடைக்கக் கழிக்க வேண்டியது) 3.48 மி.மீ. என்று கணக்கு வரும். ஆனால் உங்கள் பிரஸ் பிரேக்கில் (தகடு வளைக்கும் மிஷின்) 2 மி.மீ. தகட்டுக்கு 16 மி.மீ. வி-டை (வி வடிவப் பள்ளம் உள்ள அச்சு) போடுவார்கள், தகடு அச்சின் அடியைத் தொடாமல் வளைக்கும் ஏர் பெண்டிங்கில் உள் ஆரத்தைத் தீர்மானிப்பது பஞ்சின் முனையைவிட அந்த வி-யின் அகலம். 304-க்கு அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 3 மி.மீ.க்குச் சற்று மேலே வரும். மைல்ட் ஸ்டீலில் இது குறைவு, நூற்றுக்குப் பதினாறு பங்கு அளவில்.

ஆகவே புத்தகத்து எண்ணை விட்டுவிட்டு ஒரு துண்டை வளைத்துப் பாருங்கள். வழக்கமாக வாங்கும் அதே 304 தகட்டில், சரியாக 100 மி.மீ. நீளமும் 50 மி.மீ. அகலமும் உள்ள மூன்று துண்டுகள். மைக்ரோமீட்டரில் கனத்தைப் பாருங்கள். 2 என்று பில்லில் இருப்பது கையில் 1.9-ஆக இருக்கலாம். அதே வி-டையில் 90 டிகிரிக்கு வளைத்து, கோணம் சரியா என்று கோண அளவியில் பார்த்துவிட்டு, இரண்டு கையின் வெளி அளவையும் எடுங்கள். இரண்டையும் கூட்டினால் 104.0 வருகிறது என்று வைப்போம். 100-ஐக் கழித்தால் 4.0, இதுதான் உங்கள் மிஷினின் உண்மையான வளைவுக் கழிவு. இதிலிருந்து கே-யைக் கண்டுபிடிக்கலாம்: ஆரம் 3, கனம் 2 என்றால் இரண்டையும் கூட்டி இரட்டித்தால் 10, அதில் 4 போனால் 6, 6-ஐ 1.5708-ஆல் வகுத்தால் 3.82, ஆரம் 3-ஐக் கழித்தால் 0.82, கனம் 2-ஆல் வகுத்தால் 0.41. மூன்று துண்டுகளின் சராசரியை எடுத்து மென்பொருளில் பதிந்துவிடுங்கள்.

பழைய கணக்குக்கும் இதற்கும் ஒரு வளைவுக்கு அரை மி.மீ. சொச்சம்தான் வித்தியாசம். நாலு வளைவு உள்ள சல்லடைத் தொட்டியில் அது 2 மி.மீ. தாண்டிவிடும், வெளி அளவு பெருத்துப்போய் ஃபிரேமுக்குள் தொட்டி இறங்காது, ஃபிட்டர் சுத்தியலை எடுப்பார். தகடு சப்ளையரை மாற்றினாலோ, வி-டையை மாற்றினாலோ இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். மைல்ட் ஸ்டீலுக்குத் தனி எண். துளையின் ஓரத்துக்கும் வளைவு தொடங்கும் கோட்டுக்கும் நடுவே கனத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு இடம் விடுங்கள், இல்லையென்றால் துளை முட்டை வடிவமாக இழுபடும். லேசர் எரித்துத் தின்னும் அகலத்தை நீங்கள் டிராயிங்கில் சேர்க்காதீர்கள். அதை லேசர்காரர் தன் நெஸ்டிங்கில் (துண்டுகளைத் தகட்டில் அடுக்கும்போது) சேர்ப்பார். இருவரும் சேர்த்தால் இரண்டு முறை ஆகிவிடும். டிஎக்ஸ்எஃப்பை அனுப்பும்போது ஒரு முழு நீளத்தையும் எழுதி அனுப்புங்கள்: ‘மொத்த நீளம் 812.5 மி.மீ.’ என்று ஒரு வரி. அங்குலத்தில் திறந்து 25.4 மடங்கு தப்பாகிற கோப்பை அந்த வரி பிடித்துக்கொடுக்கும்.

ஒரே ஹாப்பரை மூன்று கொள்ளளவில் செய்வீர்கள் என்றால் மூன்று முறை வரைய வேண்டாம். கனம், அகலம், சரிவுக் கோணம் மூன்றையும் வேரியபிளாக வைத்து, கான்ஃபிகரேஷன் அட்டவணையில் மூன்று வரி போடுங்கள். பேரிங், கியர்பாக்ஸ், மோட்டாருக்குத் தயாரிப்பாளர் தளங்களில் கிடைக்கும் ஸ்டெப் (பல கேட் மென்பொருள்களும் திறக்கும் பொதுவான 3டி கோப்பு) மாடலை இறக்கலாம். ஆனால் உருண்டை, சீல், மரை எல்லாம் உள்ள மாடலை அப்படியே அசெம்பிளியில் போட்டால் பிரவுசர் திணறும். யு.சி.பி. 208 பேரிங்குக்கு உங்களுக்கு வேண்டியது 40 மி.மீ. ஷாஃப்ட் துளை, 49.2 மி.மீ. மைய உயரம், 137 மி.மீ. போல்ட் இடைவெளி; இந்த மூன்றும் உள்ள எளிய மாடல் போதும். போல்ட் மரையை ஒருபோதும் மாடலாக வரையாதீர்கள்.

டிராயிங் தாளில் ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் எஸ்பி 46 (இந்திய வரைபடத் தர நூல்) சொல்வது முதல் கோண வீழல், அதில் வலப்பக்கப் படம் இடப்பக்கம் நிற்கும். நம் லேத்காரர்களும் வெல்டர்களும் அப்படித்தான் படித்துப் பழகியவர்கள். ஆன்சி (அமெரிக்கத் தரம்) டெம்ப்ளேட்டை எடுத்தால் மூன்றாம் கோணம் வந்துவிடும். வலப்பக்கப் படம் வலப்பக்கமே நிற்கும். ஃபிளாஞ்சில் சமச்சீர் இல்லாத துளை இருந்தால் அது கண்ணாடிப் பிம்பமாகி எதிர்ப்பக்கம் விழும். ஐஎஸ்ஓ டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்து, தலைப்புக் கட்டத்தில் கோணக் குறியீட்டைப் பட்டறைக்குரிய பெயரோடு ஒரு முறை அமைத்துவிடுங்கள். மூன்று பேரும் அதையே பயன்படுத்தட்டும்.

பழைய ஆட்டோகேட் டிராயிங் எல்லாவற்றையும் மாற்ற உட்காராதீர்கள். மறு ஆர்டர் வரும் மிஷினை மட்டும், ஆர்டர் வரும்போது மாற்றுங்கள். டிடபிள்யூஜி (ஆட்டோகேட்) கோப்பை ஸ்கெட்சாக உள்ளே கொண்டுவரலாம். ஆனால் பழைய கோப்பில் இணையாத முனைகளும், ஒன்றன்மேல் ஒன்றான கோடுகளும் நிறைய இருக்கும், எக்ஸ்ட்ரூட் ஆகாது. பெரும்பாலான பாகங்களைப் புதிதாக வரைவதே வேகம். முதல் மிஷினாக எதை எடுப்பது என்றால், ஹாப்பரும் ஃபிரேமும் உள்ள எளிய ஒன்று. கிழங்கு வரத்து தொடங்கி ஆலைக்காரர்கள் நெருக்கும் மாதத்தில் ராஸ்பரைக் கொண்டு பழகாதீர்கள்.

டிசைன் வெளியே போகுமா என்ற பயத்துக்கு நேரான பதில்: சர்வரை உடைத்து எடுப்பதைவிட, வேலையை விட்டுப் போனவரின் லாகின் இன்னும் திறந்திருப்பதுதான் ஆபத்து. இரண்டு கட்ட உறுதிப்படுத்தலைப் போடுங்கள். ஆள் போகும் அன்றே அவர் சீட்டை மாற்றுங்கள். வெளியே ஃபேப்ரிகேட்டருக்கோ ஆலைக்காரருக்கோ மாடலைக் காட்ட வேண்டுமென்றால் பார்க்கும் உரிமை மட்டும் கொடுத்து, நகலெடுப்பதையும் எக்ஸ்போர்ட்டையும் அணைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் பகிர்வை நீக்குங்கள். பென்டிரைவில் இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது.

உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. சந்தா நின்றால் திருத்தும் உரிமையும் நிற்கும். சந்தா ஆண்டுக்கு ஆண்டு, ஆளுக்கு ஆள். ஜிஎஸ்டி 18 சதவீதமும் சேரும், பதிவு செய்த பட்டறை அதை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் விலகவேண்டி வந்தால், ஸ்டெப் கோப்பில் வடிவம் மட்டும் வரும். எந்த ஸ்கெட்சிலிருந்து எந்தத் துளை வந்தது என்ற மரம் வராது. அதனால் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வெளியிட்ட வெர்ஷன்களை ஸ்டெப், பிடிஎஃப், டிஎக்ஸ்எஃப் மூன்றாகவும் இறக்கி இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். ஒன்று பட்டறையில், ஒன்று வீட்டில். ஃபியூஷன் என்றால் அதன் சொந்தக் கோப்பு வகையான எஃப்3டி காப்பகமும் சேர்த்து. முக்கியமான வேரியபிள்களின் மதிப்பையும் கே-ஃபேக்டர் எண்களையும் ஒரு தாளில் அச்செடுத்து அதோடு வையுங்கள். இறக்கிய ஸ்டெப் கோப்புகளில் இரண்டை ஃப்ரீகேட் என்ற கேட் மென்பொருளில் திறந்து, ஒரு துளை விட்டத்தையும் ஒரு மைய இடைவெளியையும் அளந்து, பிடிஎஃப்போடு ஒத்துப்பாருங்கள். ஃப்ரீகேட் இலவசம், நெட் தேவையில்லை, மூன்று லேப்டாப்பிலும் இன்றைக்கே போட்டு வைக்கலாம்.